அரை வரிக்காரியின் தூங்குமூஞ்சி

சண்டையே போடாமல் சண்டையில் ஜெயிக்கிற பிராணி ஒன்று என் கைபேசிக்குள் இருந்தது. நீல நிறம், பானை வயிறு, எப்போதும் மூடிய கண். தவளை என்று பார்த்தால் தவளை, எருமைக்கன்று என்று பார்த்தால் எருமைக்கன்று. விளையாட்டில் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் பூண்டியில் யார் வாயிலும் அது நுழையாததால் தூங்குமூஞ்சி என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு மூன்று பிராணிகள். ஒருத்தர் பிராணியை இன்னொருத்தர் பிராணியோடு மோத விட வேண்டும். ஒன்று நெருப்பு கக்கும், ஒன்று கொம்பால் முட்டும், ஒன்று மண்ணுக்குள் புகுந்து காலை வாரும். தூங்குமூஞ்சி இதில் எதையும் செய்யாது. களத்தில் இறங்கியதும் குறட்டை விடும். தூங்கத் தூங்க அதற்குத் தெம்பு ஏறும். அடிக்கிறவர் அடியில் பாதி அடிக்கிறவருக்கே திரும்பிப் போகும். எதிராளி அடித்து அடித்துத் தானே விழுந்துவிடுவார். நான் அதற்குள் உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வருவேன். திரையில் எனக்காகப் பூ தூவிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஏன் அந்த யோகம் என்றால், என் வீட்டு வாசலில்தான் டவர் கிடைக்கும். ஊரில் மற்ற இடங்களில் மலை மறைக்கிறது. என் வீடு சரிவின் கடைசியில், கேரட் காடுகளுக்கு மேலே தனியாக நிற்கிறது. வாசலில் மேரக்காய்ப் பந்தல், கீழ்நாட்டில் சௌசௌ என்பார்களே, அது. அந்தப் பந்தலின் கிழக்கு மூலைக் காலில் கைபேசியைக் கட்டித் தொங்கவிட்டால் மழையிலும் டவர் அறுபடாது. தூங்குமூஞ்சியின் முட்டை பொரிவதற்கு ஒரு வாரம் இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. பூண்டியில் அந்த முட்டை யாரிடம் பொரியும்? நான் கைபேசியைப் பாலித்தீன் பையில் போட்டு, சார்ஜர் வயரோடு பந்தல் காலில் கட்டிவிட்டு என் சோலியைப் பார்த்தேன். அது பொரிந்துவிட்டது.

இந்தப் பழக்கத்தை ஊருக்குள் கொண்டுவந்தது என் கொழுந்தன். பூண்டு மூட்டைகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். சந்தையில் முறை வரும்வரை வண்டிக்குள் உட்கார்ந்து விளையாடக் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து எல்லாருக்கும் ஒட்டவைத்துவிட்டார். டீக்கடை அக்காவுக்கு ஒட்டியது. கேரட் கழுவுகிற இடத்தில் மோட்டார் ஓட்டுகிற அண்ணனுக்கு ஒட்டியது. ஊர் வரி வசூலிக்கிற மாமாவுக்கு ஒட்டியபோதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அறுபது தாண்டியவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு விளையாடுவார். கொடைக்கானல் பஜாரில் கம்பளிக்கடை வைத்திருக்கும் பாய் வாரம் ஒருமுறை ஸ்வெட்டர் மூட்டையோடு ஊருக்கு வருவார். அவருக்கும் ஒட்டியது. மத்தியானம் ஆனால் இத்தனை பேரும் என் வாசலில்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் போய் ஐந்து வருஷம். மகளைப் பழனியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அந்த வாசலுக்குக் காட்டுமாட்டைத் தவிர யாரும் சும்மா வந்ததில்லை. இப்போது செருப்பு விட இடமில்லாமல் கிடந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது தாண்டிய பொம்பளை, டீத்தூள் டப்பாவை எடுக்கப் போகும்போது துள்ளிக்கொண்டு போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் துள்ளினேன்.

தூங்குமூஞ்சி வந்த பிறகு யாரும் என்னை ஜெயிக்கவில்லை. கொழுந்தன் தன் நெருப்புக் கோழியைக் கொண்டுவந்தார், அது தன் நெருப்பிலேயே கருகியது. அக்காவின் பறக்கும் மீன், மோட்டார் அண்ணனின் மூன்று தலை உடும்பு, எல்லாம் அவுட். ஒரு நாள் கொழுந்தன் போளூரில் பூண்டு ஏற்றப் போனபோது அந்த ஊர் ஆட்களிடம் சவடால் பேசிவிட்டு வந்திருந்தார். போளூர்க்காரர்கள் ஒரு ஜீப் நிறைய வந்தார்கள். நான் அடுப்பில் டீ கொதிக்க வைத்தபடியே வரிசையாக அவர்களை அனுப்பி வைத்தேன். டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தர் ஜீப்பில் ஏறும்போது, "இது வெளையாட்டு இல்லீங்க, கல்லுல முட்டிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போளூரிலிருந்து யாரும் வரவில்லை.

அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் கிளப்பியது. பூண்டு காய்ந்து இறங்கிய சமயம். பரணிலிருந்து கொத்துக் கொத்தாக எடுத்து, தண்டையும் வேரையும் நறுக்கி மூட்டை போடுகிற வேலை. கொழுந்தன் காட்டுப் பூண்டு என் வாசலில் குவிந்து கிடந்தது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தோம். கையில் பூண்டுப் பிசின் இருந்தால் கைபேசித் திரை கேட்காது. ஆகையால் அன்று பேச்சு மட்டும்தான். பாய் படிக்கல்லில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"மதினி, கோவிச்சுக்கக் கூடாது. தூங்குமூஞ்சியத் தடை பண்ணணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? அது தூங்குது, ஜெயிக்குது. நாங்க எல்லாம் முழிச்சிருந்து தோக்குறோம். இதுல என்னங்க நியாயம் கெடக்கு?"

டீக்கடை அக்கா தலையை ஆட்டினாள். "எனக்கு இப்பல்லாம் போனைத் தொறக்கவே மனசு வரல. எப்படியும் தோக்கத்தான் போறோம், பஜ்ஜியாவது போடுவோம்னு இருக்கு."

"என் கடையவிட நல்ல கம்பளி பக்கத்துக் கடைக்கு வந்தா, அத விக்கக் கூடாதுன்னு பஜார்ல சொல்ல முடியுமா?" என்றார் பாய். "தங்கச்சி பொரிக்க வச்சது தங்கச்சிக்கு."

"பாய், உங்க பக்கத்துக் கடையில கம்பளி தூங்கிக்கிட்டே உங்களைத் திருப்பி அடிச்சா சொல்லுவீங்க" என்றார் கொழுந்தன்.

மோட்டார் அண்ணன் எனக்காகப் பேசினார். என்மேல் உள்ள பிரியத்தினால் இல்லை. கொழுந்தன் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்வது அவர் வழக்கம். வரி மாமாவும் தடை கூடாது என்றார். அவருக்கு வேறு கணக்கு. "அத நான் அடிக்காம விடமாட்டேன். தடை பண்ணிட்டா அப்புறம் நான் யாரை அடிக்கிறது?" மாமா நம்பியிருந்தது தன் நத்தையைத்தான். அவர் தினமும் அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பயிற்சிக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு ஏறிக்கொண்டே போனது. நெருப்புக் கோழியை இன்னும் கொஞ்சம் வளர்த்தால் முடியும் என்றார் ஒருத்தர். மூன்று பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் தூங்குமூஞ்சியை அடிக்கலாமா என்றார் இன்னொருத்தர். அதை எழுப்பிவிட வழி இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். காதுக்குள் தண்ணி விட்டுப் பார்க்கலாமே என்றார் பாய். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. என் பிராணி ஒன்றைப் பற்றி இத்தனை பேர் மெனக்கெட்டுப் பேசுகிறார்கள் என்பதே எனக்குப் போதையாக இருந்தது.

கடைசியில் மாமா பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "பேசிக்கிட்டே இருந்தா விடிஞ்சிரும். ஊர் வழக்கப்படி முடிப்போம். தலைக்கட்டுக்கு ஒரு கை."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கோயில் திருவிழா சாட்டுவதா, பாதை வெட்டுவதா, எதுவானாலும் எங்கள் ஊரில் தலைக்கட்டுக் கணக்குத்தான். ஆம்பளை இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. வரியும் முழுசு, கிடாய் வெட்டினால் கறிக் கூறும் முழுசு. ஆம்பளை இல்லாத வீடு அரை வரி, அரைக் கூறு. அரை வரி என்பது சலுகை என்றுதான் சொல்வார்கள். உனக்குப் பாரம் வேண்டாமே என்றுதானே என்பார்கள். அதோடு குரலும் அரையாகிவிடும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"பாய்க்கு ஊர்ல வரி கெடையாது, அதனால ஓட்டு இல்ல" என்றார் மாமா. பாய் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "ஒனக்கு அரை" என்றார் மாமா என்னைப் பார்த்து.

நான் உடனே சிரித்தேன். "அரைக் கைய எப்படித் தூக்குறது மாமா? முழங்கை வரைக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் சுருக்கென்று தைத்தது. போளூர் ஜீப்பையே திருப்பி அனுப்பியவள் நான். டவர் என் வாசலில். டீ என் டீ. ஆட்டமே நான் கொடுத்த இடத்தில் நடக்கிறது. இருந்தும் எண்ணும்போது நான் பாதி ஆள். ஐந்து வருஷமாகக் கோயிலில் அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு பேசாமல்தான் வந்திருக்கிறேன். விளையாட்டில் வாங்கும்போது பொறுக்கவில்லை.

"தடை வேணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் மாமா.

கொழுந்தன் தூக்கினார். அக்கா தன் வீட்டுக்காரருக்காகத் தூக்கினாள். எண்ணுவதற்காக மாமா தன் கையை மேலே நீட்டினார். மோட்டார் அண்ணன் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறியக் கையை உயர்த்தினார். பாய் டீக் கிளாஸின் அடியில் சீனி தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, பந்தலுக்குப் பின்னாலிருந்து காட்டுமாடு வந்தது.

அது வழக்கமாக வருகிறதுதான். கருத்து, மினுமினுவென்று, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல் இருக்கும். எங்கள் ஓட்டு வீட்டுக் கூரையின் விளிம்புக்குச் சமமாகத் திமில். அது வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: அசையாமல் இருப்பது. எல்லாரும் இருந்தபடியே இருந்தோம். அதாவது கையைத் தூக்கியபடியே. என் வாசலில் என்னைத் தவிர அத்தனை பேர் கையும் வானத்தில் நின்றது, ஓட்டு இல்லாத பாயின் கை உட்பட.

காட்டுமாடு யாரையும் சட்டை செய்யவில்லை. மேரக்காய்ப் பந்தலுக்கு வந்து இரண்டு பிஞ்சுகளைப் பறித்து மென்றது. பிறகு கிழக்கு மூலைக்கு நகர்ந்தது. பந்தல் காலில் பாலித்தீன் பைக்குள் என் கைபேசி. அதை முகர்ந்தது. ஈர மூக்கு பையோடு திரையில் அழுந்தியதும் விளையாட்டு திறந்துகொண்டு டொய்ங் என்று ஒரு சத்தம். திரையில் தூங்குமூஞ்சி நீலமாக மின்னியபடி குறட்டை விட்டது.

இரண்டும் முகத்தோடு முகம். சிரிப்பு என் வயிற்றுக்குள் உருண்டது. வெளியே விட்டால் உயிர் போகும் என்பதால் பூண்டுக் கொத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். காட்டுமாடு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் திரும்பி, வந்த வழியே சரிவில் இறங்கிப் போய்விட்டது.

கைகள் மெல்ல இறங்கின. முதலில் வாயைத் திறந்தது கொழுந்தன்தான்.

"பாத்தீங்களா மாமா. காட்டுமாட்டையும் ஜெயிச்சிருச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

அப்போது பிடித்த சிரிப்பு. அக்கா பூண்டுக் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பாய் மட்டும் கிளாஸைக் கீழே வைக்காமல், "போயிருச்சா, நெசமா போயிருச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்ததும் மறுபடி எண்ண வேண்டியிருந்தது, ஏனென்றால் எல்லாக் கையும் தூக்கியிருந்தது செல்லாது. இந்த முறை மாமா பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணினார். தடை வேண்டும் என்று கொழுந்தன் வீடு, அக்கா வீடு. வேண்டாம் என்று மாமா வீடு, மோட்டார் அண்ணன் வீடு. சமம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒன் அரை எந்தப் பக்கம்மா?" என்றார் மாமா.

"அரைய வச்சு எப்படி மாமா முடிவு பண்றது?" என்று கொழுந்தன் குறுக்கே விழுந்தார். அவருக்குப் பயம், நான் வேண்டாம் பக்கம்தான் போடுவேன் என்று. "ரெண்டரைக்கு ரெண்டுன்னு எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"கொழுந்தனார் சொல்றது சரிதான்" என்றேன். "அரைய நான் போடமாட்டேன். முழுசா எண்ணுங்க, போடுறேன். இல்லன்னா சமமாவே கெடக்கட்டும்."

"அது ஊர் கணக்கும்மா. நான் மாத்துறதா?"

"ஊர்ங்கிறது யாரு மாமா?" என்றார் பாய். "வரி வாங்குறவர் நீங்க. வரி குடுக்குறவங்க இவங்க. எல்லாரும் இங்கதான பூண்டு நறுக்கிக்கிட்டு இருக்காங்க."

மாமா கொழுந்தனைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் இப்போது ஆம்பளை என்று சொல்ல அவர்தான். ஐந்து வருஷத்துக்கு முன், அண்ணன் காரியம் முடிந்த பிறகு, மதினி வீட்டை அரை வரியில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவர்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"ஏலே, நீ என்ன சொல்ற?"

கொழுந்தன் யோசித்தார். தடை கிடைக்க வேண்டும் என்ற அவசரம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. சமமாகக் கிடந்தால் தூங்குமூஞ்சி இருக்கும். நான் முழுசானால் ஒருவேளை, ஒரே ஒருவேளை, போகலாம்.

"எங்க அண்ணன் வீடு மாமா. முழுசாவே வச்சுக்கங்க. நான் சொல்றேன்ல."

"வரியும் முழுசாயிரும், பாத்துக்க" என்றார் மாமா என்னிடம்.

"குடுத்துட்டாப் போகுது."

"அப்ப சரி. முழுசு. கையத் தூக்கு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுவார்கள், சமமாகக் கிடக்கும், தூங்குமூஞ்சியும் தூங்கிக்கொண்டே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது கை என்னுடையது. தூக்காமல் விட்டால் என் பிராணி தப்பித்துவிடும். பந்தல் காலைப் பார்த்தேன். பாலித்தீன் பையின் மேல் எச்சில் வழிந்துகொண்டிருந்தது, காட்டுமாட்டின் எச்சில். அக்காவைப் பார்த்தேன். அவள் போனைக் கொண்டுவந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. போளூர்க்காரர்கள் வரவில்லை. இப்படியே ஜெயித்துக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் நான் மட்டும் என் வாசலில் ஜெயித்துக்கொண்டிருப்பேன்.

அதுவும் உண்மை. இன்னொன்றும் உண்மை. ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் முழுக் கை அது. அதை வைத்து, எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் தடைக்குக் கையைத் தூக்கினேன். முழங்கை வரைக்கும் இல்லை, நன்றாக, தோள்பட்டை இழுக்கும்வரை.

கொழுந்தன் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். மோட்டார் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மாமாவின் முகம் தொங்கிவிட்டது. "எம்புட்டு வளத்துருந்தேன் அந்த நத்தைய" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்காக மட்டும், கை கழுவிவிட்டு வந்து, கடைசியாக ஒரு ஆட்டம் போட்டோம். நத்தை வெகுநேரம் ஊர்ந்தது. பிறகு தூங்குமூஞ்சியை ஒரு இடி இடித்துத் தானே ஓட்டுக்குள் சுருண்டு செத்தது. மாமா திருப்தியாகிவிட்டார். மறுவாரம் போளூர் ஜீப் வந்தது. நான் மூன்று ஆட்டத்திலும் தோற்றேன். தோற்கும்போது நான் போட்ட கூச்சலில் கீழே கேரட் காட்டில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

விஷயம் அதோடு விளையாட்டுக்குள் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கோயில் சாட்டியபோது முழு வரி கொடுக்கப் போனேன். மாமா எண்ணி வாங்கிக்கொண்டார். கிடாய் வெட்டிய அன்று வெள்ளனே போய், அரைக் கூறுக்காரர்கள் உட்காரும் கடைசி வரிசையில் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். விரித்த தார்ப்பாயில் கறியைக் கூறு கூறாக வைத்திருந்தார்கள். மாமா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். கொழுந்தன் வீட்டைக் கூப்பிட்டார். அடுத்து என் வீடு.

நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"என்னத்தா, காது கேக்கலையா? வெரசா வா."

போனேன். இலையில் முழுக் கூறு. ஈரல் துண்டுகூட இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், கறி வெட்டியவர், கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இது அரை வீடுல்ல?"

"முழுசா எண்ணியாச்சு" என்றார் மாமா.

"யாரு எண்ணுனது? எப்ப?"

"தலைக்கட்டுக எல்லாம் இருந்துதான் எண்ணுனோம். கம்பளிக்கடை பாய் சாட்சி. காட்டுமாடு சாட்சி."

"காட்டுமாடா? என்னத்துக்குய்யா எண்ணுனீங்க?"

மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கூறைப் பார்த்தார். "அது பெரிய சோலி. சொன்னா ஒனக்கு வெளங்காது. அடுத்த வீடு யாருப்பா?"

இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சரிவேறினேன். கனமாக இருந்தது. ஒரு ஆளுக்கு அது அதிகம். அக்காவையும் கொழுந்தன் வீட்டையும் சாப்பிடக் கூப்பிட வேண்டும், கோயில் கறி சாப்பிடாத பாய் வந்தால் தனியாக முட்டைக் குழம்பு வைக்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தேன். வாசலுக்கு வந்ததும் இலையை அடுப்படியில் வைத்துவிட்டு, கை கழுவி, பந்தல் காலிலிருந்து கைபேசியை அவிழ்த்துத் தூங்குமூஞ்சியைத் திறந்தேன். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"முழுசு குடுத்துட்டாங்கடா" என்றேன்.

அது தூங்கிக்கொண்டிருந்தது.